மலைமேல் பெய்த மழை

அந்த அம்மாவை நினைத்தால் முகத்துக்கு முன்னால் கழுத்துதான் ஞாபகத்துக்கு வருகிறது. நீண்ட கறுத்த கழுத்து. இரண்டு பக்கமும் நரம்பு கயிறு மாதிரித் தெரியும். பாலுக்காகக் கித்தா மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, வெட்டுகிறவர்கள் குனிந்தே பழகியவர்கள். பட்டையில் வெட்டு கீழே இறங்க இறங்க அவர்கள் முதுகும் இறங்கிவிடும். இவர் மட்டும் ஒரு மரத்தை வெட்டி பால் வடிகிற மங்குக் கிண்ணத்தைச் சரியாக வைத்ததும் நிமிர்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, இலைகளுக்கு நடுவில் கையகலம் தெரிகிற வானத்தைப் பார்ப்பார். அப்புறம்தான் அடுத்த மரம்.

மலாயாவில் கோலா பிலா போகிற சாலையில் மலை இறங்கியதும் இடது கைப்பக்கம் இருந்த தோட்டம் அது. சப்பான்காரன் வருவதற்குப் பத்து வருடத்துக்கு மேல் முந்தி. நான் அங்கே கணக்கெழுதுகிற சின்னக் கிராணியாக இருந்தேன். பக்கத்தில் ராசா என்கிற ஊரில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்து, யார் யாரையோ பிடித்து வாங்கிய வேலை. வயது இருபத்திரண்டு. அந்த அம்மாவுக்கு முப்பத்தைந்து இருக்கலாம். அவர் பெயரை, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுப் புத்தகத்தில் தினமும் என் கையால் எழுதியிருக்கிறேன். இங்கே எழுத மனம் வரவில்லை.

எனக்குக் கொடுத்த வேலைகளில் மழை அளப்பதும் ஒன்று. ஆபீசுக்குப் பின்னால் மேட்டில் ஒரு செப்புப் புனல், அதற்குள் ஒரு போத்தல். காலை ஏழு மணிக்குப் போத்தலை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, எத்தனை இஞ்சு என்று எழுத வேண்டும். நான் வந்த முதல் வாரத்தில், குவளையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"என்னங்க கெராணி ஐயா, மருந்தா?"

கத்தியைத் தீட்டிக்கொண்டு போக வந்த அந்த அம்மா, பால் வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

"இல்லம்மா. ராத்திரி பெஞ்ச மழை. அளந்து எழுதணும்."

"பெஞ்சு முடிஞ்சதத்தானே?"

"ஆமா."

"அத எழுதி என்ன பண்ணுவாரு தொர?"

அது எனக்கும் தெரியாது. டவுனுக்கு அனுப்புவார்கள் என்று சொல்லி வைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. போத்தலை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப மத்தியானம் வரப்போறத யாரு எழுதுவா?" என்று கேட்டார். நான்தான் சிரித்தேன். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அன்று இரண்டு மணிக்குப் பிடித்த மழை ஐந்துக்குத்தான் விட்டது.

அதற்கப்புறம் நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். கித்தாக் காட்டுக்குள் வானம் கிடையாது. வருடத்தில் பத்து மாதம் தலைக்கு மேல் இலைக்கூரைதான். அதனால் எங்கெங்கே வானம் தெரியும் என்று அவர் மனத்தில் ஒரு வரைபடம் வைத்திருந்தார். பெரட்டு நிற்கிற களத்தில் கடைசி வரிசை, ஆபீஸ் மேடு, கோயில் முன்பக்கம், ஆற்றுப் பாலம். அந்த இடங்களுக்கு வந்தால் கால் தானாக நிற்கும். பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொள்வார்கள்.

மாசி பங்குனியில் மரங்கள் இலை உதிர்க்கும். காடு சிவந்து, பழுத்து, ஒரு வாரத்தில் மொட்டையாகிவிடும். பால் குறைந்துபோய் எல்லோரும் சோர்ந்திருக்கிற அந்த நாட்களில்தான் அவருக்கு முகம் தெளியும். எங்கே நின்றாலும் முழு வானம். அப்போது மேகம் அதிகம் இருக்காது, புகை மாதிரி ஒரு மங்கல்தான். இருக்கிற கொஞ்ச மேகத்துக்கும் பெயர் வைத்திருந்தார். ஸ்டோரில் கித்தாவைத் தகடாக உருட்டிக் காயப்போடுவார்களே, அந்த மாதிரி கோடுகோடாகப் பரந்திருந்தால் 'ஷீட்டு மேகம்', அதில் மழை இல்லை. மங்கில் பால் உறைந்து ஓரம் சுருங்கின மாதிரி இருந்தால் 'ஒறஞ்ச மேகம்', மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். அடியில் தொங்கல் தொங்கலாக இருந்தால் 'மடி'. மடி தெரிந்தால் எடுத்து வைக்கிறதை எல்லாம் எடுத்து வைத்துவிட வேண்டும். புது இலை விட்டு மரம் மூடியதும் மத்தியான இடி தொடங்கும். வருட நடுவில் விடியற்காலையில் மேற்கிலிருந்து ஒரு காற்று சுருட்டிக்கொண்டு வரும். சுமத்ரா காற்று என்பார்கள். அது வருவதற்கு முதல் நாள் பொழுது சாயும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். எப்படி என்று கேட்டால், "வானம் கீழ எறங்கியிருந்திச்சிங்க" என்பார். எனக்கு அது என்றைக்கும் பிடிபட்டதில்லை.

ஒருமுறை எங்கே கற்றுக்கொண்டார் என்று விசாரித்தேன்.

"யாரு கத்துக் குடுப்பா? எங்க சீமையில மேகம் வராதான்னு பாத்தோம். இங்க வந்துருமோன்னு பாக்குறோம். கண்ணு அதே கண்ணுதான்."

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. தெரிந்ததை ஒரே ஒரு தடவை சொல்வார். யார் நிற்கிறார்களோ அவர்களிடம் சொல்வார். கேட்டால் கேட்கட்டும், கேட்காவிட்டால் போகட்டும். இரண்டாம் தடவை சொல்ல மாட்டார், வாதாட மாட்டார், மழை வந்த பிறகு "நான் சொன்னேனே" என்று காட்டிக்கொள்ளவும் மாட்டார். சொன்னதோடு அவர் கடன் தீர்ந்துவிட்ட மாதிரி நகர்ந்துவிடுவார்.

ஆனால் சொல்கிறவருக்குத் தீர்ந்தாலும் கேட்கிறவர்களுக்குத் தீரவில்லை.

ஒரு நாள் பெரட்டில், வேலையை மேற்பார்க்கிற மண்டோரிடம், "இன்னிக்கி மரத்தத் தொட வேணாங்க, பத்து மணிக்குள்ள ஊத்திரும்" என்றார். மண்டோர் நல்ல மனுசன்தான், கொஞ்சம் முன்கோபி. வெட்டலாமா வேண்டாமா என்பதைத் துரை சொல்ல வேண்டும். துரை வெட்டச் சொல்லியிருந்தார். வெட்டினார்கள். ஒன்பதரைக்கு மழை. மங்கெல்லாம் நிரம்பி வழிந்து, மரத்தடி எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பால் ஓடியது. முந்நூறு பேர் காலையிலிருந்து பட்ட பாடு ஓடையில் போனது. மண்டோர் நனைந்துகொண்டே, அந்த அம்மா வெட்டுகிற மர வரிசைக்கு, அவர் நிரைக்கு, வந்து கத்தினார்.

"ஒன் நாக்கு என்ன நாக்குடி? நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா பெஞ்சிருக்குமா?"

"நான் சொல்லலன்னாலும் பெஞ்சிருக்கும்ங்க."

"சொல்லாம இருந்து பாரேன் ஒரு நாளைக்கி!"

கருநாக்கு என்ற பேச்சு அன்றைக்குத்தான் கிளம்பியது. அடுத்த வைகாசியில், எங்கள் ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்தில், ஒரு கல்யாணம். பந்தல் போடுகிறவர்களைப் பார்த்து, "ஓலையக் கொஞ்சம் சேத்துப் போடுங்க" என்று மட்டும்தான் சொன்னார். பெண்ணின் தாயார் காதில் விழுந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் பந்தல் ஒழுகி, அடுப்பு அணைந்து, பாதிச் சாதம் வேகாமல் போனபோது அந்தத் தாயார் மழையைத் திட்டவில்லை. அவரைத்தான் திட்டினார். அதற்கப்புறம் விசேஷ வீடுகளில் அவரை யாரும் கூப்பிடவில்லை.

வேடிக்கை என்னவென்றால், திட்டினவர்களே காலையில் அவர் தலையைப் பார்ப்பார்கள். அவர் கோணிச்சாக்கைக் கொங்காணியாக மடித்து எடுத்துக்கொண்டு வந்தால் மற்றவர்கள் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்த் தங்கள் சாக்கை எடுத்து வருவார்கள். இது தெரிந்தபின் அவர் சாக்கு எடுத்து வருவதையே நிறுத்திவிட்டார். மழை வரும் என்று தெரிந்தே வெறும் தலையோடு வந்து, நடுங்க நடுங்க நனைந்துவிட்டுப் போவார். கொண்டுவந்தாலும் குற்றம் என்றால் என்னதான் செய்வது? ஒரு தடவை ஜுரம் வந்து தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரிடம் மருந்துக்கு நின்றபோது கேட்டேன்.

"தெரிஞ்சும் ஏம்மா நனையிறீங்க?"

"நான் நனஞ்சா ஒருத்தி நனஞ்சதோட போகுதுங்க" என்றார்.

சில நாள் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தே நடந்தும் பார்த்தார். ஒரு வாரம் தாங்கவில்லை. மறுபடி பாலத்தில் நின்றுவிட்டார்.

அவர் கணவர் வடிகால் வெட்டுகிற கூட்டத்தில் வேலை செய்தார். ஒல்லியான மனிதர், அதிகம் பேச மாட்டார். பேசினால் அதில் ஒரு குறும்பு இருக்கும். "எங்க வீட்டுல ஒரு தந்தியாபீசு நடக்குது. சேதி வந்தவொடன சொல்றேன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மனைவி பேச்சை அவரே மதிக்கவில்லை, நாம் எதற்கு மதிக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர்களுக்கு ஒரே பெண், எட்டு வயது.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி மாதம். அதற்கு முந்தின வாரம் பெய்த மழையில் ஒரு பெரிய மரம் ஆற்றில் அடித்துக்கொண்டு வந்து பாலத்துக் காலில் சிக்கியிருந்தது. ஆறு என்று பெயர்தானே தவிர முழங்கால் தண்ணீர். அக்கரையில் பாதித் தோட்டம் இருந்தது. மரம் இடித்துப் பாலம் சாய்ந்துவிட்டால் பால் கொண்டுவர முடியாது. மரத்தை அறுத்தெடுக்க நான்கு பேரை ஆற்றில் இறக்குவதாக ஏற்பாடு. அவர் கணவர் அதில் ஒருவர். மண்டோர் கரையில் நின்று பார்த்துக்கொள்வார்.

அன்று காலை ஏழு மணிக்குப் போத்தலை எடுத்தேன். காய்ந்து கிடந்தது. அதற்கு முந்தின நாளும் அப்படித்தான். வானம் கழுவி வைத்த மாதிரி நீலமாக இருந்தது.

அந்த அம்மா ஆபீஸ் படியில் வந்து நின்றார். வழியில் போகும்போது பேசுவாரே தவிர, ஆபீஸ் படியில் அதற்கு முன் அவர் கால் வைத்ததில்லை.

"ஐயா, மலையப் பாத்தீங்களா?"

பார்த்தேன். எங்களுக்கு வடக்கே மலை. அடிவாரம் பச்சையாகத் தெரிந்தது. பாதிக்கு மேல் மலையே இல்லை. ஈரக் கருங்கல் நிறத்தில் ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. இடிச் சத்தம்கூட இல்லை.

"நேத்து சாயந்தரத்துலேருந்து அது எடத்த விட்டு நகரல. அங்கனயே ஊத்திக்கிட்டு இருக்கு. இன்னிக்கி ஆத்துல ஆள எறக்கக் கூடாதுங்க. மரத்த நாளைக்கி எடுத்துக்கலாம்."

"இங்க ஒரு பொட்டு விழலையேம்மா."

"இங்க எதுக்குங்க விழணும்? மலையில பெஞ்சது கீழதானே வரும்."

சொல்லிவிட்டு இறங்கினார். நான்கு எட்டு வைத்தவர் திரும்பி வந்தார்.

"தொரகிட்ட சொல்லுங்கய்யா."

இரண்டாம் தடவை சொல்லி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். அதுவே என்னை எழுந்து போக வைத்தது.

துரை பங்களா வராந்தாவில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காய்ச்சல்காரர்களைத் தானே வந்து பார்ப்பார். எங்கள் தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். என்னைப் பார்த்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எத்தன இஞ்சு?"

"ஒண்ணும் இல்லைங்க தொர."

"நேத்து?"

"நேத்தும் இல்லைங்க. ஆனா மலையில மேகம் நிக்குது. ஆத்துல தண்ணி வரலாம்னு சொல்றாங்க."

"யார் சொல்றது?"

அந்த அம்மாவின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். கருநாக்குக்காரி பேச்சைக் கேட்டுக்கொண்டு கிராணி வந்து நிற்கிறான் என்று சிரிப்பாரோ என்று எனக்கு ஒரு கூச்சம்.

"ஆளுங்க சொல்றாங்க, தொர."

அவர் படிக்கு வந்து தலைக்கு மேலே பார்த்தார். பங்களாவிலிருந்து மலை தெரியாது. வேலி மூங்கில் மறைத்துக்கொண்டிருந்தது.

"நல்ல வெயில். மழ இல்ல. பாலம் இன்னிக்கி முடியணும்."

"சரிங்க தொர" என்றேன். வேறென்ன சொல்வது? திரும்பி வந்து மழைப் புத்தகத்தைத் திறந்து, அன்றைய தேதிக்கு நேராகச் சுழி போட்டேன். பாலம் ஆபீசிலிருந்து கால் மணி நடை. போய் மண்டோரிடமாவது ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றியது. எழுத்து வேலை பாக்கி இருந்தது. போகவில்லை.

மீதியை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். பத்து மணி வாக்கில், அந்த அம்மாவின் நிரை ஆற்றோரத்தில் முடிகிற இடத்தில், தண்ணீர் திடீரென்று கலங்கியதைப் பார்த்திருக்கிறார். கலங்கல் மட்டும் இல்லை, பச்சை இலைகள், கிளையோடு பிய்ந்த இலைகள். வாளியைப் போட்டுவிட்டு, "ஏறுங்க! மேல ஏறுங்க!" என்று கத்திக்கொண்டே கரையோடு ஓடினார். மண்டோர் திரும்பி, "நிரைய வுட்டுட்டு எங்க வர்ற?" என்று அதட்டினாராம். அதற்குள் லாரி வருகிற மாதிரி ஒரு சத்தம். தலைக்கு மேலே வெயில். ஆற்று வளைவில் ஆள் உயரத்துக்கு ஒரு மண்சுவர் நடந்து வந்தது.

நாலு பேரில் ஒருவன் பிழைத்தான். கல்யாணமாகாத வாலிபன். மூங்கில் புதரில் சிக்கிக் கிடந்தவனைக் கயிறு போட்டு எடுத்தார்கள். பேச்சு வந்ததும் அவன் சொன்னான்: "அண்ணன்தான் என்னையத் தூக்கிக் கரைப்பக்கம் எறிஞ்சாரு. காலையிலேருந்து அவரு ஒரு மாதிரியாத்தான் இருந்தாரு. வேல செஞ்சாரு, ஆனா முகம் மட்டும் மேல்தண்ணிப் பக்கமே இருந்திச்சு."

அந்த அண்ணன், அம்மாவின் கணவர்தான். இரண்டு நாள் கழித்து, கீழே மலாய்க் கம்பத்துக்காரர்கள், அந்தக் கிராமத்து ஆட்கள், ஆற்று வளைவில் கண்டெடுத்து, பாயில் சுற்றித் தூக்கி வந்து கொடுத்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் மலையைக் காட்டி, "கெப்பாலா ஆயேர்" என்றார். தண்ணீரின் தலை என்று அர்த்தம். அவர்கள் மொழியில் அதற்கு ஒரு பெயரே இருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

விசாரணைக்கு ஒரு போலீஸ் அதிகாரி வந்தார். ஆபீசில் துரையும் அவரும் உட்கார்ந்திருக்க, நான் நின்றேன். மழைப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். பிரித்துக் கொடுத்தேன். அன்றைய தேதியில் விரலை வைத்து, "மழையே இல்லையா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். "நீதான் அளந்தாயா?" "நான்தான்." அவ்வளவுதான் கேள்வி. மழை இல்லாத நாளில் வெள்ளம் வரும் என்று யாருக்குத் தெரியும் என்று துரை வருத்தத்தோடு சொன்னார். மெய்யாகவே வருத்தம்தான், கண் கலங்கியிருந்தது. அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். நான் புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டேன். சன்னலுக்கு வெளியே, கூரை ஓரத்தில், அந்த அம்மா பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டால் உள்ளே வரலாம் என்று காத்திருந்திருக்கிறார். யாரும் கூப்பிடவில்லை.

லயத்தில் துரையை யாரும் குறை சொல்லவில்லை, மண்டோரையும் சொல்லவில்லை. "சொல்லிச் சொல்லியே புருசன முழுங்கிட்டா" என்றார்கள். கூடவே இன்னும் இரண்டு வீட்டுத் தாலியும் அறுந்ததல்லவா? குழாயடிக்கு அவர் குடத்தோடு வந்தால் மற்றப் பெண்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அடுத்த மாதமே ஜொகூர் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போகிறேன் என்று வந்து நின்றார். அவர் போகலாம் என்ற கடிதத்தை எழுதியதும் நான்தான். முத்திரை குத்தி அவர் கையில் கொடுத்தேன்.

அதற்கப்புறம் அவரை ஒரே ஒரு முறை பார்த்தேன். ஆறேழு வருடம் இருக்கும். சிங்கப்பூருக்குப் போக கெமாஸ் ஸ்டேஷனில் வண்டி மாறக் காத்திருந்தேன். பெஞ்சில் ஒரு தகரப் பெட்டி, பக்கத்தில் பாவாடை தாவணியில் ஒரு பெண், அவளுக்கு அந்தப் பக்கம் இந்த அம்மா. தலை நரைத்திருந்தது. அவர்தான் என்னை முதலில் அடையாளம் கண்டுகொண்டார்.

"கெராணி ஐயாதானே?"

பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறதாம், மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்களாம். நல்ல இடம், பையன் ரயிலில் வேலை என்றார். கொஞ்ச நேரம் அதைப் பேசினோம். அந்தப் பெண் தண்ணீர் பிடிக்கப் போனாள். இதை விட்டால் எனக்கு வேறு சமயம் வாய்க்காது என்று பட்டது.

"அம்மா, அன்னிக்கு உங்க பேரச் சொல்லித் தொரகிட்ட அழுத்திச் சொல்லியிருக்கணும். நான் சொல்லல. அப்புறம் விசாரணையிலயும் சொல்லல."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று புரிந்துகொள்ளவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீங்க சொன்னீங்களா இல்லையான்னு நான் நெனச்சதே இல்லீங்கய்யா" என்றார். பிறகு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அன்னிக்கி விடியக்காலம் அடுப்படியில வச்சி மொதல்ல அவருகிட்டத்தான் சொன்னேன். ஆத்துல எறங்காதீங்கன்னு. கேலி பண்ணுவாருன்னு நெனச்சேன். பண்ணல. 'நீ சொன்னா வரும் புள்ள, எனக்குத் தெரியாதா'ன்னாரு. அப்ப போவாதீங்கன்னேன். 'நான் போவலன்னா பேர வெட்டிருவாங்க, லயத்த வுட்டு எறங்கச் சொல்லுவாங்க, புள்ளயக் கூட்டிக்கிட்டு எந்த ரோட்டுல நிக்கிறது'ன்னாரு. அப்புறந்தான் நான் ஆபீசுக்கு ஓடியாந்தேன்."

தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. பெண் கூஜாவோடு வேகமாக வந்துகொண்டிருந்தாள். அவர் எழுந்து புடவையை உதறிக்கொண்டார்.

"எப்பவும் இடுப்புல ஒரு வெத்தலப் பை வச்சிருப்பாரு. அன்னிக்கி ஆத்துல முழங்காத் தண்ணிதான், ஆனாலும் அத அவுத்து ஆணியில மாட்டிட்டுப் போனாரு. நனஞ்சிரும்னு."

அவர் தகரப் பெட்டியைத் தூக்கக் குனிந்தார். நான் வாங்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றி வைத்தேன்.